வேரறாத வளர்ப்பு: தொல்குடிச் சிறாரும் நலப்பணியும்

முன்னுரை

துன்புறும் குழந்தையைக் காத்தல் சமுதாயத்தின் கடமை. இதனை மறுப்பார் எவரும் இலர். ஆயின், எதனைத் துன்பம் என்பது, எவரிடமிருந்து காப்பது, காத்தபின் எவரிடம் ஒப்புவிப்பது என்னும் வினாக்கள் எழும்போது கருத்துகள் பிரிகின்றன. இவ்வினாக்களுக்குத் தவறான விடை கண்டமையால் பல தலைமுறைகள் தம் வேரினை இழந்த வரலாறு அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலும் உண்டு. ஐரோப்பியர் வந்து குடியேறுவதற்கு முன்பே அந்நிலங்களில் வாழ்ந்த தொல்குடியினரின் குழந்தைகள், நலம் என்னும் பெயரால் அவர்தம் இல்லங்களினின்றும் பிரிக்கப்பட்டனர். அதே நாடுகளில் அண்மைக் காலத்தில் பிரித்ததை இணைக்கும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. அம்முயற்சிகளின் நெறியினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் இப்பொருள் எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். இவ்வரலாற்றின் அடியில் ஒரு சொற்பொருட் சிக்கல் கிடக்கின்றது என்பதே நம் விடை. ‘குடும்பம்’ என்னும் சொல்லுக்கு ஆள்வோர் ஒரு பொருள் கொண்டனர்; ஆளப்பட்டோர் வேறொரு பொருள் கொண்டிருந்தனர். ஆள்வோர் கொண்ட பொருளே சட்டமாயிற்று. அதன் விளைவைக் குழந்தைகள் சுமந்தனர். சொல்லின் பொருளைச் சுருக்கியதால் நேர்ந்த தீங்கினைப் பொருளை விரித்தே போக்க இயலும் என்பதனைப் பின்வரும் செய்திகள் நிறுவும்.

உறவுச் சொல்லும் குடும்பமும்

உறவுமுறைச் சொற்களை முதன்முதலில் உலகளாவிய நிலையில் தொகுத்து ஆராய்ந்தவர் அமெரிக்கரான லூயிஸ் ஹென்றி மார்கன் ஆவார். அவர்தம் பெருநூல் 1871ஆம் ஆண்டு வெளிவந்தது. நியூயார்க் மாநிலத்தில் வாழும் செனெகா என்னும் தொல்குடியினரின் உறவுச் சொற்களைத் தொகுத்த அவர், அவற்றோடு தமிழ் உறவுச் சொற்களை ஒப்பிட்டு நோக்கியபோது பெருவியப்பு அடைந்தார். தாயின் உடன்பிறந்தாளும் தாயே. தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையே. அவர்தம் மக்கள் நமக்கு அண்ணன், அக்காள், தம்பி, தங்கையர் ஆவர். தாயுடன் பிறந்த மாமன் மக்களும் தந்தையுடன் பிறந்த அத்தை மக்களும் வேறு முறையினர். இவ்வமைப்பு இரு மொழிகளிலும் ஒத்திருந்தது. இதனைக் கொண்டு அமெரிக்கத் தொல்குடியினர் ஆசியாவினின்று சென்றவர் என்பதனை நிறுவலாம் என அவர் எண்ணினார். உறவுச் சொற்களை அதற்குச் சான்றாகக் கொள்வதை இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. தொலைவுறவுகளைப் பகுக்கும் முறையில் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு எனப் பின்வந்தோர் காட்டியுள்ளனர். எனினும் அவர் கண்ட ஒப்புமை பொய்யன்று.

இவ்வொப்புமையின் பயன் நமக்கு எளிதில் விளங்கும். நம் இல்லங்களில் தாயின் தமக்கை பெரியம்மா, தங்கை சின்னம்மா. முஸ்லிம் இல்லங்களில் பெரியும்மா, சாச்சி என வழங்குவதும் உண்டு. சொல்லிலேயே அம்மா இருக்கின்றாள். பெற்றவள் இறந்தாலும் ஒரு பிள்ளைக்குத் தாய் என்னும் முறை முற்றும் அற்றுப்போவதில்லை. ‘அநாதை’ என்னும் வடசொல் காப்பாளர் எவரும் இல்லாதவரைக் குறிப்பது. உறவுச் சொற்கள் இவ்வாறு விரிந்து கிடக்கும் ஒரு சமுதாயத்தில் பெற்றோரை இழந்த பிள்ளை உண்டு. காப்பாளரே அற்ற பிள்ளை அரிது.

செனெகா மக்களிடையே குழந்தை தாயின் குலத்தைச் சேர்ந்தது. அக்குலத்துப் பெண்டிர் பலரும் அக்குழந்தைக்குப் பொறுப்புடையர். இவ்வாறிருந்தும், அம்மக்களின் கேட்டராகஸ் நிலப்பகுதியில் 1855இல் ‘தாமஸ்’ என்னும் பெயரால் இந்தியச் சிறாருக்கான அநாதை இல்லம் ஒன்று மறைப்பணியாளரால் நிறுவப்பட்டது. அறச்செயலாகவே அது தொடங்கிற்று. பின்னர் 1875இல் மாநில அரசின் கைக்கு மாறி, தொல்குடிச் சிறாரை அயற்பழக்கத்திற்குப் பயிற்றும் உறைவிடப் பள்ளியாக வளர்ந்து 1957 வரை நடந்தது. ஒரு செனெகாக் குழந்தைக்குத் தாயர் பலர் என மார்கன் எழுதிய அக்காலத்திலேயே, அம்மக்களின் நிலத்தில் ‘அநாதை’ என்னும் சொல் பலகையில் எழுதப்பட்டிருந்தது என்பது எண்ணத்தக்கது.

பிரித்த வரலாறு

பிரிவினை மூன்று வழிகளில் நிகழ்ந்தது. முதலாவது, உறைவிடப் பள்ளி. பென்சில்வேனியாவில் கார்லைல் என்னும் ஊரில் ரிச்சர்டு ஹென்றி பிராட் என்னும் படைத்தலைவர் 1879இல் தொடங்கிய பள்ளி, 1918 வரை நடைபெற்றது. பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது, பெயர் மாற்றப்பட்டது, தாய்மொழி விலக்கப்பட்டது. இதனைப் பின்பற்றிப் பல பள்ளிகள் எழுந்தன. கனடாவில் ஏறத்தாழ 1,50,000 தொல்குடிச் சிறார் இத்தகைய உறைவிடப் பள்ளிகளில் பயின்றதாக அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மதிப்பிட்டது. ஆணையத்தின் இறுதி அறிக்கை 2015இல் வெளிவந்தது. அதன் 94 வேண்டுகோள்களில் முதல் ஐந்தும் சிறார் நலப்பணி பற்றியனவே. பள்ளிகள் மூடப்பட்ட பின்னரும் பிரிவினை வேறு பெயரில் தொடர்ந்தது என்பதனை அவ்வைப்புமுறையே உணர்த்தும்.

இரண்டாவது வழி, அரசின் நேரடிக் கவர்வு. ஆஸ்திரேலியாவில் தொல்குடிக் குழந்தைகள், சிறப்பாகக் கலப்புப் பிறப்பினர் எனக் கருதப்பட்டோர், சட்டத்தின் துணையோடு கவரப்பட்டு விடுதிகளிலும் வெள்ளையர் இல்லங்களிலும் சேர்க்கப்பட்டனர். அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 1997இல் வெளியிட்ட ‘அவர்களை வீட்டிற்குக் கொணர்தல்’ என்னும் பொருள்படும் அறிக்கை, 1910 முதல் 1970 வரையிலான காலத்தில் பத்தில் ஒரு பங்கிற்கும் மூன்றில் ஒரு பங்கிற்கும் இடைப்பட்ட அளவில் தொல்குடிக் குழந்தைகள் வன்முறையாகப் பிரிக்கப்பட்டனர் என்று கூறியது. ‘திருடப்பட்ட தலைமுறையினர்’ என அவர்கள் அழைக்கப்பெறுகின்றனர். 2008 பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அவர்களிடம் மன்னிப்புக் கோரினார்.

மூன்றாவது வழி, தத்தும் வளர்ப்பு இல்லமும். அமெரிக்க அரசின் இந்தியர் நலத்துறையும் அமெரிக்கச் சிறார் நலக் கழகமும் இணைந்து 1958 முதல் 1967 வரை நடத்திய திட்டத்தின்வழி, தொல்குடிக் குழந்தைகள் தொலைதூர வெள்ளையர் இல்லங்களுக்குத் தத்தாக அனுப்பப்பட்டனர். கனடாவில் 1960களில் இவ்வாறு நிகழ்ந்த பெருங்கவர்வு ‘அறுபதுகளின் வாரிக்கொள்ளல்’ என்னும் பெயரால் வழங்குகிறது. இத்திட்டங்களில் பணியாற்றியோர் பலர் நல்லெண்ணமே கொண்டிருந்தனர். தாம் ஒரு குழந்தைக்கு வாழ்வளிப்பதாக அவர்கள் நம்பினர். ஈண்டு நாம் ஆழ்ந்து கருத வேண்டுவது இதனையே. கொடியவர் செய்த தீங்கினை இனங்காண்பது எளிது. நல்லவர் செய்த தீங்கினை இனங்காண்பது அரிது. அமெரிக்கச் சிறார் நலக் கழகம் தன் பங்கிற்காக 2001இல் தொல்குடியினரிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது.

‘புறக்கணிப்பு’ என்னும் சொல்

நார்த் டக்கோட்டாவில் டெவில்ஸ் லேக் சூ என்னும் குடியினர், தம் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கவரப்படுவதைக் கண்டு 1968இல் அமெரிக்க இந்தியர் விவகாரங்களுக்கான சங்கத்தின் உதவியை நாடினர். தாய்மார் சிலர் நெடுந்தொலைவு பயணம் செய்து நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் தம் குறையை முறையிட்டனர். அதன்பின் அச்சங்கம் 1969இலும் 1974இலும் கணக்கெடுத்தது. தொல்குடிக் குழந்தைகளுள் நூற்றுக்கு 25 முதல் 35 வரையினோர் தம் குடும்பத்தினின்றும் பிரிக்கப்பட்டு வளர்ப்பு இல்லங்களிலோ, தத்து இல்லங்களிலோ, விடுதிகளிலோ வாழ்ந்தமை தெரியவந்தது.

எக்காரணம் பற்றிப் பிரித்தனர்? அடித்துத் துன்புறுத்தினமையாலோ எனின், அன்று. அச்சங்கம் ஆராய்ந்த நார்த் டக்கோட்டாக் குடி ஒன்றில், உடல் துன்பம் காரணமாகப் பிரிக்கப்பட்டவை நூற்றில் ஒன்றே. எஞ்சியவை எல்லாம் ‘புறக்கணிப்பு’, ‘சமூக இழப்பு’ முதலிய தெளிவற்ற சொற்களின்பாற் பட்டவை. இச்சொற்களுக்குப் பொருள் யாதென ஆராய்ந்தால் உண்மை புலப்படும். தாய் வேலைக்குச் சென்று, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டிருந்தால், அது பாட்டியின் வளர்ப்பு என அம்மக்கள் கருதினர். தாய் கைவிட்டாள் எனப் பணியாளர் எழுதினர். ஓர் அறையில் பலர் உறங்கினால் அது உறவின் நெருக்கம் என அவர் கருதினர். இட நெருக்கடி என இவர் எழுதினர். ஏழைமையைக் குற்றமாகவும் உறவின் விரிவைப் பொறுப்பின்மையாகவும் படித்த கோப்புகளே குழந்தைகளைக் கொண்டு சென்றன. ஒரு தொல்குடிக் குழந்தைக்கு நெருங்கிய பொறுப்புடைய உறவினர் நூற்றுவர்க்கு மேலும் இருக்கக்கூடும் என்பதனை அமெரிக்க மக்களவைக் குழு தன் 1978ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது.

சட்டம் விரித்த பொருள்

இம்முறையீடுகளின் பயனாக 1978 நவம்பரில் இந்தியச் சிறார் நலச் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. அச்சட்டத்தின் கூறுகள் நான்கினை ஈண்டுச் சுட்டுதல் தகும்.

முதலாவது, ‘விரிந்த குடும்பத்தினர்’ யாவர் என்பதனை அக்குழந்தையின் குடி தன் சட்டத்தாலோ வழக்காற்றாலோ வரையறுக்கலாம். அவ்வாறு வரையறுக்காதபோதே பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, உடன்பிறந்தார் முதலிய பட்டியலைச் சட்டம் தருகின்றது. குடும்பம் என்னும் சொல்லுக்குப் பொருளுரைக்கும் உரிமை, அதனை வாழ்ந்து காட்டுவோரிடமே இவ்வாறு திரும்பிற்று.

இரண்டாவது, வைப்பிடத்தின் வரிசை. தத்துக் கொடுக்கும் நிலை ஏற்படின், விரிந்த குடும்பத்தினர் முதலிலும், அக்குடியின் பிற உறுப்பினர் அடுத்தும், பிற தொல்குடிக் குடும்பத்தினர் அதற்கடுத்தும் கருதப்பெற வேண்டும். தக்க காரணம் இருந்தாலன்றி இவ்வரிசையை மீறலாகாது.

மூன்றாவது, ‘முனைந்த முயற்சி’. குடும்பம் குலையாதிருக்கத் துணைபுரியும் பணிகளை முனைந்து செய்தும் பயனில்லை என்பதனைப் பணியாளர் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். குடிப்பழக்கம் உடைய தந்தையிடம் மருத்துவ நிலையத்தின் முகவரியை எழுதித் தருதல் முனைந்த முயற்சி ஆகாது. அங்கே இடம் பெற்றுத் தந்து, சென்றுவர வழி செய்து, இடையில் அவர் தளரும்போது தேடிச்சென்று ஊக்குவதே அச்சொல்லின் கருத்து.

நான்காவது, சான்றின் உறுதி. பெற்றோரின் உரிமையை முற்றும் நீக்குதற்கு, ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்படும் சான்று வேண்டும். அச்சான்றில் தகுதிவாய்ந்த வல்லுநரின் சாட்சியமும் இடம்பெற வேண்டும். குற்ற வழக்குகளில் மட்டும் வேண்டப்படும் அத்துணை உயர்ந்த அளவுகோல், ஒரு குழந்தையின் உறவை அறுக்கவும் வேண்டப்படுகிறது.

இச்சட்டம் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. இஃது இனப்பாகுபாடு எனவும், மாநிலங்களின் அதிகாரத்தில் தலையீடு எனவும் வழக்குகள் எழுந்தன. 2023 ஜூன் 15ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுவர்க்கு இருவர் என்னும் பெரும்பான்மையால் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

கூடிப் பேசும் முறை

நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்கள் குடும்பத்தைக் குறிக்க ‘ஃபானவ்’ என்னும் சொல்லை வழங்குவர். அது பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, அவர்தம் மக்கள் அனைவரையும் அடக்கும். அதனினும் பெரியது ‘ஹாப்பு’ என்னும் கிளை. அதனினும் பெரியது ‘இவி’ என்னும் குடி. ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு, ‘விடியல்’ எனப் பொருள்படும் பெயரில் அளித்த அறிக்கை 1986இல் வெளிவந்தது. அரசின் நலத்துறை மாவோரி மக்களைப் புறந்தள்ளும் அமைப்பாக இருந்ததனை அது வெளிப்படையாக உரைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய சட்டம் பிறந்தது.

1989ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர்நாடி குடும்பக் குழுக் கூட்டம். ஒரு குழந்தையைப் பற்றிக் கவலை எழுந்தால், உறவினர் அனைவரும் அழைக்கப்படுவர். பணியாளர் தாம் அறிந்தவற்றை ஒளிவின்றி எடுத்துரைப்பர். பின்னர் அவர்கள் அறையை விட்டு வெளியேறுவர். உறவினர் தனித்திருந்து, தம் மொழியில், தம் முறைப்படி கலந்துபேசி, குழந்தை எங்கே வளர்வது, யார் எதற்குப் பொறுப்பு என்பதனைத் திட்டமாக வகுப்பர். பணியாளர் மீண்டு வந்து, அத்திட்டம் குழந்தையைக் காக்கப் போதியதா என ஆராய்ந்து உடன்படுவர். அதிகாரி முடிவெடுத்துக் குடும்பம் கேட்கும் நிலை மாறி, குடும்பம் முடிவெடுத்து அதிகாரி துணைநிற்கும் நிலை இதனால் உண்டாயிற்று. வேறு பல நாடுகளும் இம்முறையை மேற்கொண்டுள்ளன.

மாவோரி மக்கள் நார் எடுக்கும் ஹாரகேகே என்னும் செடியினைக் குடும்பத்திற்கு உவமையாக்குவர். நடுவிலுள்ள குருத்து குழந்தை. அதனை இருபுறமும் அணைத்து நிற்கும் மடல்கள் பெற்றோர். புறத்தே நிற்பவை மூதாதையர். மடல் அறுப்போர் புறமடல்களையே அறுப்பர். குருத்தையும் அதனை அணைத்த மடல்களையும் தொடார். தொட்டால் செடி அழியும். வாழைத் தோட்டம் அறிந்த நமக்குக் குருத்தின் அருமை கூறாமலே விளங்கும்.

எனினும் நல்ல சட்டமும் வழுவக்கூடும். மாவோரிக் குழந்தைகளின் நலக்கேட்டைக் குறைக்கும் கடமையைத் துறைத்தலைவர்மேல் சுமத்திய பிரிவு ஒன்று 2019இல் நடைமுறைக்கு வந்தது. 2025இல் அது நீக்கப்பட்டது. குழந்தையின் பாதுகாப்பிற்கு அது தடையாக உள்ளது என அரசு கூறியது. மாவோரித் தலைவர் பலர் மறுத்தனர். பெற்ற உரிமையைப் பேணாவிடின் இழக்க நேரும் என்பதற்கு இது சான்று.

ஐந்து கூறுகள்

ஆஸ்திரேலியாவில் தொல்குடிச் சிறார் வைப்பிட நெறி என்பது தொல்குடி அமைப்புகளின் இடையறாத உழைப்பால் உருவானது. வடபுலப் பகுதி 1983இல் அதனை முதன்முதலில் சட்டமாக்கியது. இந்நெறியினைப் பலர் வைப்பிட வரிசை என்றே குறுக்கிப் பொருள்கொண்டனர். ஆயின் அதன் கூறுகள் ஐந்து என்பது இன்று ஏற்கப்பட்டுள்ளது: தடுத்தல், கூட்டுறவு, வைப்பிடம், பங்கேற்பு, தொடர்பு.

தடுத்தல் என்பது பிரிவினை நேராதபடி குடும்பத்திற்கு முன்னரே உதவுதல். கூட்டுறவு என்பது தொல்குடி அமைப்புகளோடு சேர்ந்து முடிவெடுத்தல். வைப்பிடம் என்பது பிரித்தல் தவிர்க்க இயலாதாயின் உறவினரிடம் முதலில் சேர்த்தல். பங்கேற்பு என்பது குழந்தையும் பெற்றோரும் உறவினரும் தம் கருத்தைக் கூற இடமளித்தல். தொடர்பு என்பது எவ்விடத்தில் வளரினும் குடும்பத்தோடும் மண்ணோடும் மொழியோடும் உறவு அறாதிருக்கச் செய்தல்.

தொடர்பு என்னும் இறுதிக் கூறே மிகுதியும் மறக்கப்படுகிறது. கோப்பில் ‘பண்பாட்டுத் திட்டம்’ எனத் தலைப்பிட்டு, ஆண்டிற்கொருமுறை விழாவிற்கு அழைத்துச் செல்லப்படும் என ஒருவரி எழுதி முடித்துவிடுதல் உண்டு. அது தொடர்பாகாது. குழந்தை எக்குடியினது, எந்நிலத்தினது, தாய்வழியில் யாவர், தந்தைவழியில் யாவர் என்னும் உறவுப்படம் வரையப்பெற வேண்டும். உடன்பிறந்தார் ஒரே இல்லத்தில் வளர வேண்டும். இயலாதாயின் அடிக்கடி சந்திக்க வேண்டும். பாட்டியைக் காணச் செல்லும் பயணச்செலவு திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். குழந்தையின் பெயர் திரிக்கப்படாமல் அழைக்கப்பட வேண்டும். வளர்ப்போர் பிற இனத்தவராயின், பெற்றோரை இழித்துரையாத பண்பு அவர்க்கு வேண்டும். இறப்புச் சடங்கிற்கும் மூத்தோர் கூடும் நிகழ்விற்கும் குழந்தை செல்ல வழி வேண்டும். இவையெல்லாம் சிறியனவாகத் தோன்றும். ஆனால் ‘நான் யார்’ என்னும் வினாவிற்கு விடை இச்சிறியவற்றாலேயே அமைகின்றது.

பிரிந்தவர்களை இணைக்கும் பணியும் உண்டு. நியூ சவுத் வேல்சில் 1980இல் தொடங்கிய ‘லிங்க்-அப்’ என்னும் அமைப்பு, வளர்ந்த பின் தம் குடும்பத்தைத் தேடுவோர்க்கு ஆவணங்களைத் தேடித் தந்து, முதற் சந்திப்பிற்கு உடன் சென்று துணைநின்று வருகிறது. விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல் தொல்குடிச் சிறார் சிலரைப் பற்றிய சட்டப் பொறுப்பு முழுவதும் தொல்குடி அமைப்பிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.

ஏழைமையும் பொருளுதவியும்

நெறி எத்துணைச் சிறந்ததாயினும் பொருள் இன்றி நடவாது. இதனைக் கனடா நாட்டு வரலாறு தெளிவுறுத்தும். மனிட்டோபாவின் நார்வே ஹவுஸ் கிரீ குடியைச் சேர்ந்த ஜோர்டான் ரிவர் ஆண்டர்சன் என்னும் சிறுவன் 1999இல் கடும் உடற்குறைகளோடு பிறந்தான். மருத்துவமனையை விட்டு வெளியேறலாம் என மருத்துவர் கூறிய பின்னரும், வெளியே அவனைப் பேணும் செலவை நடுவண் அரசு ஏற்பதா, மாகாண அரசு ஏற்பதா என்னும் வழக்கு ஈராண்டிற்கு மேல் நீண்டது. 2005இல், ஐந்து அகவையில், ஒரு நாளும் தன் குடும்பத்தின் இல்லத்தில் வாழாமலே அச்சிறுவன் இறந்தான். முதலில் குழந்தைக்கு உதவுக, செலவுக் கணக்கைப் பின்னர்த் தீர்த்துக்கொள்க என்னும் ‘ஜோர்டான் நெறி’யினை 2007இல் கனடா மக்களவை ஏற்றது.

2016இல் கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம் மேலும் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. குழந்தையைப் பிரித்து வளர்ப்பு இல்லத்தில் சேர்த்தால் செலவு முழுமையும் அரசிடமிருந்து கிடைத்தது. பிரியாமல் காக்கும் பணிக்கோ போதிய பொருள் கிடைக்கவில்லை. எனவே நிதி அமைப்பே பிரித்தலைத் தூண்டியது. பாட்டியின் வீட்டுக் கூரையைச் செப்பனிடப் பணம் இல்லை. பேரனை அயலார் வீட்டில் வைத்திருக்கப் பணம் உண்டு என்னும் நிலை அறிவிற்கும் அறத்திற்கும் ஒவ்வாது.

2020 சனவரி முதல் நடைமுறையில் உள்ள கனடாச் சட்டம், ஏழைமை, வீட்டு வசதியின்மை முதலியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு தொல்குடிக் குழந்தையைப் பிரித்தலாகாது என விதிக்கின்றது. தம் சிறாரைப் பற்றித் தாமே சட்டம் இயற்றும் உரிமை தொல்குடியினர்க்கு உண்டு என்பதனையும் அது அறிவித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் அச்சட்டத்தை முழுமையாக ஏற்றது. ஆயினும் செல்லவேண்டிய தொலைவு மிகுதி. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கனடாவில் 14 அகவை வரையிலான சிறாருள் தொல்குடியினர் நூற்றுக்கு 7.7, வளர்ப்பு இல்லங்களில் உள்ள சிறாருள் அவர்கள் நூற்றுக்கு 53.8. ஆஸ்திரேலியாவிலும் இல்லத்திற்குப் புறத்தே வளரும் சிறாருள் தொல்குடியினர் நூற்றுக்கு 40க்கும் மேற்பட்டோர்.

காப்பும் பண்பாடும் முரணோ?

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழும். உறவினர் வீட்டிலேயே தீங்கு நேர்ந்தால் என் செய்வது? பண்பாட்டின் பெயரால் குழந்தையைத் துன்பத்தில் விடலாமா? இவ்வையம் நியாயமானது, ஒதுக்கத்தக்கதன்று. உறவு என்னும் ஒன்றே தகுதியாகிவிடாது. அடிக்கும் கை தந்தையின் கையாயினும் அது தடுக்கப்பட வேண்டும். மேற்கண்ட சட்டங்களுள் எதுவும் துன்புறுத்துவோரிடம் குழந்தையை விடுமாறு கூறவில்லை. உடனடித் தீங்கு நேரின் குழந்தையை அகற்றலாம் என்றே அவை கூறுகின்றன.

ஆயின் ஒரு தந்தை தீயவனாயின் குலம் முழுதும் தீயதாகிவிடாது. தந்தையிடமிருந்து அகற்றிய குழந்தையைத் தாயின் தமக்கையிடம் சேர்க்க இயலும். அவளும் இயலாதவளாயின், வேறிடத்தில் வளரும் குழந்தையை வாரந்தோறும் அவள் காண இயலும். அகற்றுதலும் அறுத்தலும் ஒன்றல்ல. அகற்றுதல் சிலபோது வேண்டற்பாலது, அறுத்தல் வேண்டுவதன்று. உறவை அறுப்பதும் ஒரு தீங்கே என்பதனைக் கணக்கில் கொள்ளாத காப்பு, பாதிக் காப்பே ஆகும்.

அனைத்துலக நெறிமுறைகளும் இதனையே வலியுறுத்துகின்றன. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்கு மாற்று வளர்ப்புக் காணும்போது அதன் இனம், சமயம், பண்பாடு, மொழி ஆகியவற்றின் தொடர்ச்சி கருதப்பட வேண்டும் என்கிறது. அப்பிரிவு மாற்று வளர்ப்பு வகைகளுள் இசுலாமியச் சட்டத்தின் ‘கஃபாலா’வையும் பெயர் சுட்டிக் கூறுவது நம் கருத்திற்குரியது. கஃபாலா முறையில் வளர்ப்போர் குழந்தையை அன்போடு பேணுவர். உணவும் கல்வியும் அளிப்பர். ஆனால் பெற்ற தந்தையின் பெயரும் வழியும் மறைக்கப்படுவதில்லை. வளர்ப்பு வேறு, வழிமரபு வேறு. ஒன்றைத் தர மற்றொன்றைப் பறிக்க வேண்டுவதில்லை என்னும் தெளிவு அதில் உண்டு. தொல்குடியினர் வேண்டுவதும் இத்தெளிவினையே. 2007ஆம் ஆண்டின் தொல்குடியினர் உரிமைப் பறைசாற்றமோ, ஓர் இனத்தின் குழந்தைகளை வன்முறையால் மற்றோர் இனத்திற்கு மாற்றுதல் கூடாது எனத் திட்டவட்டமாகக் கூறுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. தொல்குடிச் சிறார் பிரிக்கப்பட்டமைக்கு வெறுப்பு மட்டுமன்றி, குடும்பம் என்னும் சொல்லைக் குறுக்கிப் படித்த அறியாமையும் காரணம். அச்சொல்லின் பொருளை உரைக்கும் உரிமையை அம்மக்களிடமே திருப்பி அளித்த சட்டங்கள் நலம் பயக்கத் தொடங்கியுள்ளன. சட்டம் மட்டும் போதாது. முனைந்த முயற்சியும் முறையான பொருளுதவியும் அதற்கு வேண்டும். வைப்பிடம் மட்டும் போதாது. பெயர், மொழி, மண், மூத்தோர் ஆகியவற்றோடு இடையறாத தொடர்பும் வேண்டும்.

நம் மாணவர் பலர் ஆசிரியராகவும் மருத்துவராகவும் சமூகப் பணியாளராகவும் வழக்குரைஞராகவும் நாளை பல நாடுகளில் பணிபுரியக்கூடும். உங்கள் மேசைக்கு ஒரு குழந்தையின் கோப்பு வரும் நாளில், ‘தாய் இல்லை’ என அதில் எழுதியிருக்கலாம். எழுதியவர் எத்தனைத் தாயரைத் தேடிய பின் அவ்வாறு எழுதினார் என வினவுக. பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் தாய் என்னும் சொல்லைப் பகிர்ந்தளித்த மொழியைக் கற்றவர் அவ்வினாவை எழுப்ப மறத்தல் ஆகாது.

மூத்தோர்க்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. உறவுச் சொற்கள் வழக்கொழியும்போது உறவின் பொறுப்பும் உடன் ஒழியும். பாட்டன் பெயரும் பாட்டி ஊரும் அறியாத பிள்ளைகள் நம் இல்லங்களிலும் பெருகி வருகின்றனர். எவரும் வந்து கவராமலே வேர் அறுந்துபோகும் நிலை அது. அவர்களை அருகழைத்து, யாருக்கு யார் என்ன முறை எனச் சொல்லிக் கொடுத்தல் நம் கடமை.